ஓர் அறையும் இரு குடிகளும்

ஆங்கிலம் கற்கும் மாணாக்கர் சிலவேளை அகராதியில் விசித்திரமான ஒரு சொற்றொடரைக் காண்பர். ஒரே இடத்தை இருவர் முறை மாற்றி வகித்து, ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் வெளியே இருப்பாராயின், அந்நிலையை ‘பாக்ஸும் காக்ஸும்’ என்று ஆங்கிலேயர் குறிப்பர். பாக்ஸ் என்பவர் யார்? காக்ஸ் என்பவர் யார்? அவர்கள் மன்னரும் அல்லர், மந்திரிகளும் அல்லர். ஓரங்க நகை நாடகம் ஒன்றில் வரும் இரண்டு ஏழைத் தொழிலாளர் அவர்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்விருவர் பெயரும் ஒரு மொழியின் வழக்கில் நின்று நிலவுகிறது. பெருங்காவியங்கள் பலவற்றுக்கும் வாய்க்காத பேறு இது.

அந்தச் சிறு நாடகத்தின் கதையையும், அத்தகைய நாடகங்கள் ஆங்கிலேயரோடு கப்பலேறிக் கீழை நாடுகளுக்கு வந்தபோது அவற்றுக்கு நேர்ந்த மாற்றத்தையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். சிரிப்புக்கு உரிய விஷயம்தான். ஆனால் சிரித்து மறந்துவிடத் தக்கதன்று.

நாடகக் கதை

இலண்டன் மாநகரில் பௌன்சர் என்னும் அம்மையார் ஒருத்தி அறைகளை வாடகைக்கு விடுகிறாள். பாக்ஸ் அச்சுக்கூடத்தில் வேலை செய்பவன்; இரவு முழுவதும் அவனுக்கு வேலை. காக்ஸ் தொப்பி செய்பவன். பகல் முழுவதும் அவனுக்கு வேலை. அம்மையார் கணக்குப் பார்த்தாள். ஒரே அறையை இருவருக்கும் வாடகைக்கு விட்டாள். ஒருவன் வெளியேறியதும் படுக்கையைத் தட்டி விரிப்பாள். மற்றவன் வந்து படுப்பான். இருவரிடமும் முழு வாடகை வாங்கிக்கொள்வாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் படிக்கட்டில் மட்டுமே கண்டிருக்கின்றனர். ஆயினும் இருவர் மனத்திலும் சந்தேகம் வளர்கிறது. என் நிலக்கரி குறைகிறதே! என் சீனியும் தேயிலையும் கரைகின்றனவே! அறையில் புகையிலை நாற்றம் வீசுகிறதே! கேட்டால் மேல்மாடிக்காரர் மீது பழியைப் போட்டு அம்மையார் தப்பித்துக்கொள்வாள்.

ஒருநாள் காக்ஸுக்கு எதிர்பாராத விடுமுறை கிடைக்கிறது. வீடு திரும்புகிறான். அடுப்பில் பாக்ஸின் இறைச்சித் துண்டு வாட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதை எடுத்து அப்பால் வைத்துவிட்டுத் தன்னுடையதை இடுகிறான். பாக்ஸ் வந்து அதைச் சன்னலுக்கு வெளியே வீசுகிறான். பின்னர் காக்ஸ் பாக்ஸினுடையதை வீசுகிறான். கடைசியில் இருவரும் நேருக்கு நேர் நின்று, ‘என் அறையில் உனக்கென்ன வேலை?’ என்று மோதிக்கொள்கின்றனர். வாடகைப் பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டினால் இருவர் கையிலும் சீட்டு இருக்கிறது!

இன்னொரு வேடிக்கையும் வெளிப்படுகிறது. காக்ஸ் மணமுடிக்கவிருக்கும் பெனலப்பி என்னும் கைம்பெண், முன்னர் பாக்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டவள். அவளிடமிருந்து தப்புவதற்காகக் கடலில் விழுந்து மாண்டதுபோல் நடித்து ஓடி வந்தவன் பாக்ஸ். இப்போது இருவரும் அவளை மற்றவன் தலையில் கட்டப் பார்க்கின்றனர். அப்போது அவள் இறந்தாள், தன் சொத்தை எல்லாம் வருங்காலக் கணவனுக்கே எழுதி வைத்தாள் என்று ஒரு கடிதம் வருகிறது. உடனே, ‘நானே அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன்’ என்று இருவரும் அடித்துக்கொள்கின்றனர். மறு கடிதம் வருகிறது: அவள் பிழைத்துவிட்டாள்! மீண்டும் இருவரும் பின்வாங்குகின்றனர். முடிவில் அவள் மூன்றாமவன் ஒருவனை மணக்கத் தீர்மானித்துவிட்ட செய்தி கிடைக்கிறது.

சண்டைக்கு இனிக் காரணமில்லை. அவ்வேளை பாக்ஸுக்குத் திடீரென்று ஓர் ஐயம் எழுகிறது. நெடுங்காலத்துக்கு முன் பிரிந்துபோன தன் உடன்பிறந்தான் இவன்தானோ? இடது கையில் மச்சம் உண்டா என்று கேட்கிறான். இல்லை என்கிறான் காக்ஸ். அப்படியானால் சந்தேகமே இல்லை, இவனே என் சகோதரன் என்று பாய்ந்து தழுவிக்கொள்கிறான்! பழைய சோக நாடகங்களில் மச்சம் இருந்தால் உறவு தெரியவரும். இங்கே மச்சம் இல்லாததே அத்தாட்சி. இவ்வீட்டில் இருவருக்கும் இடமுண்டு என்று அவர்கள் ஒப்புக்கொள்ளத் திரை விழுகிறது.

பிறந்ததும் பெருகியதும்

இதனை எழுதியவர் ஜோன் மடிசன் மோர்ட்டன் (1811-1891). 1847 ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி இலண்டன் லைசியம் அரங்கில் இது முதலில் நடிக்கப்பட்டது. பாக்ஸாகப் பக்ஸ்டனும் காக்ஸாக ஹார்லியும் நடித்தனர். இருவரும் அக்காலத்தின் பேர்பெற்ற நகைச்சுவை நடிகர்.

கதை மோர்ட்டனின் சொந்தச் சரக்கன்று. பிரெஞ்சு நாடகாசிரியர் லாபிஷ் 1846 இல் வேறொருவருடன் சேர்ந்து எழுதிய ‘ஃபிரிசெத்’ என்னும் நாடகத்தில், இரவு வேலை செய்யும் ரொட்டிக்காரன் ஒருவனும் பகலில் வேலை செய்யும் பெண்ணொருத்தியும் அறியாமல் ஓர் அறையில் குடியிருக்கின்றனர். அதையும் இன்னொரு பிரெஞ்சு நாடகத்தையும் கலந்து தம் நாட்டுச் சரக்காக்கினார் மோர்ட்டன். சிரிப்புக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை என்பதற்கு இதுவே முதற் சான்று.

அந்நாளில் இலண்டன் நாடக இரவு மிக நீண்டது. பெரிய நாடகத்துக்கு முன்போ பின்போ இத்தகைய ஓரங்க நாடகம் நடைபெறும். மாலையில் வேலை முடிந்து பிந்தி வருவோருக்குப் பாதிக் கட்டணம். அழுகை நாடகம் பார்த்தவர்களையும் சிரிக்கச் செய்து வீட்டுக்கு அனுப்புவது இதன் பணி. 1849 இல் விக்டோரியா மகாராணியாரின் விண்சர் மாளிகையிலும் இந்நாடகம் நடைபெற்றது. பின்னர் ஆர்தர் சலிவன் இசையமைக்க, பர்னண்ட் பாட்டெழுத, ‘காக்ஸும் பாக்ஸும்’ என்று பெயர் முன்பின்னாக மாறி, 1867 இல் இசை நாடகமாகவும் பொதுமக்கள் முன் வந்தது.

கப்பலேறிய சிரிப்பு

இத்தகைய நாடகங்கள் குடியேற்ற நாடுகளெங்கும் பரவியதற்குக் காரணம் எளிது. மூன்று நடிகர் போதும். ஓர் அறை, ஒரு கட்டில், இரண்டு கதவு போதும். இலண்டனில் தோமஸ் லேசி என்பவர் இவற்றை ஆறு பென்னி விலையில் சிறு பிரசுரங்களாக அச்சிட்டு விற்றார். பட்டாளத்துச் சிப்பாய்களும், கப்பற் காவலரும், சங்கங்களில் கூடிய துரைமாரும் பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவாரத்தில் பாடம் பண்ணி மேடையேறினர். ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்ற தொழில்முறைக் குழுவினரும் இவற்றைத் தவறாது கொண்டு சென்றனர்.

தாய்நாட்டை விட்டுப் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த ஆங்கிலேயருக்கு அந்த அரைமணிச் சிரிப்பு வீட்டு நினைவைத் தந்தது. ஆனால் அவர்களுக்கு விசிறி வீசியவனும், வண்டி ஓட்டியவனும், கச்சேரியில் எழுதியவனும் அதைப் பார்த்து என்ன நினைத்தனர்? இங்கேதான் நம் கதை ஆரம்பிக்கிறது.

விக்டோரியா காலத்துக்கு முன்னரே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. இரஷ்ய நாட்டவரான கெராசிம் லெபெதேவ் என்பவர் கல்கத்தாவில் வங்காளியரைக் கொண்டே ஓர் ஆங்கில நகைச்சுவை நாடகத்தை வங்க மொழியில் நடிப்பித்தார். 1795 நவம்பர் 27 அன்று அது நடைபெற்றது. மூலத்திலிருந்த ஸ்பெயின் நாட்டு ஊர்களை நீக்கிக் கல்கத்தாவையும் இலக்னோவையும் புகுத்தினார். இந்நாட்டவர் கனத்த உபதேசத்தைக் காட்டிலும் பரிகாசத்தையும் பிறரைப்போல் நடித்துக் காட்டுவதையும் விரும்புகின்றனர் என்று அவர் எழுதி வைத்துள்ளார். ஊரையும் பேரையும் மாற்றினாலன்றிச் சிரிப்பு ஒட்டாது என்பதை அந்த அந்நியர் அன்றே அறிந்திருந்தார்.

1860 இல் மைக்கேல் மதுசூதன தத்தர் இரண்டு பிரகசனங்களை வெளியிட்டார். ஒன்று, அரைகுறை ஆங்கிலம் பேசி மது அருந்தி அதுவே நாகரிகம் என்று நம்பிய இளைஞரை எள்ளியது. மற்றது, பக்தி வேஷமிட்ட கிழ நிலக்கிழாரை எள்ளியது. இளைஞருக்கும் கோபம், கிழவருக்கும் கோபம். எழுதும்படி கேட்டுக்கொண்ட பிரபுக்களே மேடையேற்றத் தயங்கினர். கண்ணாடி முன் நிற்க எல்லாரும் துணிவதில்லை.

சிரிப்புக்கு ஒரு சட்டம்

அடுத்து நிகழ்ந்தது இன்னும் சுவையானது. 1876 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விக்டோரியா மகாராணியாரின் மூத்த குமாரர் கல்கத்தாவுக்கு விஜயம் செய்திருந்தார். ஜகதானந்த முகர்ஜி என்னும் வழக்கறிஞர் இளவரசரைத் தம் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்துச் சென்று, பெண்களைக் கொண்டு வரவேற்பளித்தார். ஊர் கொதித்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் ‘கஜதானந்தனும் இளவரசரும்’ என்ற பிரகசனம் மேடையேறியது. ‘ஜக’ இருந்த இடத்தில் ‘கஜ’ வந்தது, அவ்வளவே. அரங்கம் அதிர்ந்தது.

பொலிசார் தடுத்தனர். நடிகர் பெயரை மாற்றி நடித்தனர். மீண்டும் தடுத்தனர். நகரின் பொலிஸ் தலைவர் பெயர் ஹொக். இன்னொரு அதிகாரி பெயர் லாம். ஆங்கிலத்தில் முன்னது பன்றியையும் பின்னது ஆட்டுக்குட்டியையும் நினைவூட்டும் பெயர்கள். ‘பன்றியும் ஆடும்’ என்னும் பொருளில் அடுத்த பிரகசனத்துக்குத் தலைப்பிட்டார்கள் நாடகக்காரர்!

பெப்ரவரி மாத இறுதியிலேயே இராசப் பிரதிநிதி நோர்த்புரூக் பிரபு அவசரச் சட்டம் பிறப்பித்தார். டிசம்பரில் அது நாடக நிகழ்ச்சிச் சட்டமாக நிறைவேறியது. ஆங்கிலேயர் போன பின்பும் அது இந்தியாவின் சட்டப் புத்தகத்தில் நெடுங்காலம் கிடந்து, 2018 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டது. நமது நாட்டிலும் 1912 இல் பொது நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது.

சிந்தித்துப் பாருங்கள். விண்சர் மாளிகையில் மகாராணியார் பார்த்துச் சிரித்தது எந்த வகை நாடகமோ, அந்த வகை நாடகமே அவர் மகன் பெயரைத் தொட்டவுடன் இராசத் துரோகம்போல் ஆயிற்று! வடிவம் ஒன்றுதான். யாரைப் பார்த்து யார் சிரிக்கிறார் என்பது மட்டும் மாறியது. குடியேற்ற நாட்டார் அந்த வடிவத்தை உண்மையில் தம்முடையதாக்கிக்கொண்ட நாள் அதுவே என்பேன்.

தமிழ் மேடையில்

பம்பாயில் பார்ஸி நாடகக் குழுவினரும் 1853 முதல் பெரிய நாடகத்தின் கடைசியில் பிரகசனம் ஒன்றை வைக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். அக்குழுக்கள் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வந்து ஆடின. சென்னையில் 1891 இல் பம்மல் சம்பந்த முதலியார் (1873-1964) சுகுண விலாச சபையை நிறுவினார். கற்றோர் மேடையேறுவது இழிவெனக் கருதப்பட்ட காலத்தில் வழக்கறிஞர்களையும் பட்டதாரிகளையும் வேடம் புனையச் செய்தவர் அவர். அவர் சபை இலங்கைக்கும் வந்து நடித்தது.

அவருடைய ‘சபாபதி’ பிரகசனத்தை நினையுங்கள். எசமான் பெயரும் சபாபதி. வேலைக்காரன் பெயரும் சபாபதி. எசமானுக்கு அறிவு குறைவு. வேலைக்காரனுக்கு அதனினும் குறைவு. சொல்லுக்குச் சொல் கீழ்ப்படிந்தே வீட்டைத் தலைகீழாக்குவான் வேலைக்காரன். 1941 இல் அது திரைப்படமாகவும் வந்து பெருவெற்றி பெற்றது. பாக்ஸும் காக்ஸும்போல இங்கும் இரண்டு பேர், ஒரு வீடு, ஒரு குழப்பம். ஆயினும் பேச்சும் பழக்கமும் முழுக்க முழுக்கச் சென்னைக்கே உரியவை.

ஈழத்தில் அப்பணியைச் செய்தவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. 1940 இல் வெளிவந்த ‘நானாடகம்’ என்னும் அவரது தொகுப்பில் ‘உடையார் மிடுக்கு’ ஒன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் கிராமத்தை அதிகாரம் செய்த உடையாரின் மிடுக்கை, யாழ்ப்பாணக் கிராமத்தார் வாயில் வழங்கும் பேச்சுத் தமிழிலேயே அவர் மேடைக்குக் கொண்டு வந்தார். செந்தமிழில் அழலாம், சிரிப்பதற்கு வீட்டுத் தமிழ் வேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இவ்வாறு சொல்வதால் ஓரங்க நகை நாடகம் மேல்நாட்டார் இட்ட பிச்சை என்று எண்ணிவிடலாகாது. ஏழாம் நூற்றாண்டிலேயே காஞ்சியை ஆண்ட மகேந்திர பல்லவன் ‘மத்தவிலாசம்’ என்னும் பிரகசனத்தை வடமொழியில் இயற்றினான். குடிவெறியில் தன் கபாலத்தைத் தொலைத்த காபாலிகன், அதைத் திருடியவர் பௌத்த பிக்குவே என்று வம்புக்கு இழுக்கிறான். உண்மையில் எடுத்தது நாய்! இங்கும் பொருளுக்காக இருவர் சண்டை, குற்றவாளியோ வேறு. நமது கூத்துகளில் வரும் கட்டியகாரனும் அரசனுக்கு முன் நின்று பரிகாசம் பேசும் உரிமை பெற்றவனே.

இதை ஆராய்ந்து சொன்ன பெருமகன் நமக்கு அயலூரவர். காரைதீவில் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பயின்ற சுவாமி விபுலாநந்தர் (1892-1947) தமது ‘மதங்க சூளாமணி’யில் சேக்ஸ்பியரின் நாடகங்களையும், வடமொழித் தசரூபகம் கூறும் நாடக இலக்கணத்தையும் அருகருகே வைத்து விளக்கினார். தசரூபகம் வகுக்கும் பத்து வகை நாடகங்களுள் பிரகசனமும் ஒன்று. மேற்கையும் கிழக்கையும் ஒரு பலகையில் அமர்த்திப் பார்க்கும் துணிவு இக்கடற்கரையிலேயே பிறந்தது.

நம்மூருக்கு வந்தால்

பாடசாலை விழாக்களுக்கு நாடகம் தேடும் மாணாக்கருக்கு ஒரு யோசனை. இந்த பாக்ஸையும் காக்ஸையும் கல்முனைக்கு அழைத்து வந்து பாருங்கள். அப்படியே மொழிபெயர்த்தால் பலிக்காது. லெபெதேவ் செய்ததையும் சம்பந்த முதலியார் செய்ததையும் நாமும் செய்தல் வேண்டும்.

ஒருவன் இரவில் கடலுக்குப் போகும் மீனவனாகட்டும்; மற்றவன் பகலில் மருதமுனைக் கைத்தறிச் சாலையில் நெய்பவனாகட்டும். அடுப்பில் வாட்டப்படும் பன்றியிறைச்சிக்கு இங்கே இடமில்லை. ஒருவனுக்குக் கருவாடும் மற்றவனுக்கு முட்டையும் கொடுங்கள். நிலக்கரி விறகாகட்டும். சொத்துள்ள கைம்பெண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை வீட்டோடு வைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒருங்கே வேரூன்றிய கரை இது. சீதனத்தைக் கேட்டதும் முன்வந்து, பொறுப்பைக் கேட்டதும் பின்வாங்கும் இரண்டு மாப்பிள்ளைகளைக் கண்டால் சபையிலுள்ள பலர் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்துச் சிரிப்பர். சிலர் தம்மை நினைந்து சிரியாதிருப்பர்.

ஆனால் ஒன்றை மட்டும் மாற்றியே ஆக வேண்டும். கடலில் மூழ்கினாள், பிழைத்து வந்தாள் என்பது மோர்ட்டனுக்கு வெறும் வேடிக்கை. 2004 டிசம்பர் 26 இல் கடற்கோள் கொண்டுபோன உயிர்களை நினைந்து, இன்றும் வாசலில் நின்று கடலை நோக்கும் தாய்மார் வாழும் ஊர்களில் அது வேடிக்கையாகாது. கைம்பெண் வெளிநாடு போய்விட்டாள், இனித் திரும்பமாட்டாள், சொத்தைத் தந்துவிட்டாள் என்று கடிதம் வரட்டும். மறு கடிதத்தில் அவள் விமானம் ஏறிவிட்டாள் என்று வரட்டும். எதைக் கண்டு சிரிக்கலாம், எதைக் கண்டு சிரிக்கலாகாது என்று தேர்ந்து எடுப்பதே நாடகம் எழுதுவோன் கற்க வேண்டிய முதற் பாடம். அதனை எந்தப் புத்தகமும் சொல்லித் தாராது. ஊர்தான் சொல்லித் தரும்.

மாற்றாமல் விட வேண்டியதும் ஒன்று உண்டு. அது கடைசிக் காட்சி. ஓர் அறையில் இரண்டு குடிகள். ஒருவன் விறகு குறைந்தால் மற்றவன் மீது சந்தேகம். இருவர் கையிலும் பற்றுச்சீட்டு. இருவரும், ‘அவனை வெளியேற்று’ என்று வீட்டுக்காரியிடமே முறையிடுகின்றனர். வீட்டுக்காரியோ இரட்டை வாடகையை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு நழுவிவிடுகிறாள். இக்கதை எந்தெந்த நாட்டுக்கு, எந்தெந்த ஊருக்குப் பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாசகர் அறிவர்.

ஒரே மொழி பேசி, ஒரே வயற்காற்றையும் கடற்காற்றையும் சுவாசித்து, குடிவழி எண்ணும் ஒரே வழக்கத்தையும் பேணும் இரு சமூகத்தார் வேலிக்கு இருபுறமும் வாழும் கரை இது. எல்லைக்கும் கச்சேரிக்கும் பிணங்கிய நாட்களும் நமக்கு உண்டு. பாக்ஸும் காக்ஸும் தத்தம் சீட்டை நீட்டியபடி நின்ற வரைக்கும் அவர்களுக்கு வழி பிறக்கவில்லை. கையில் மச்சம் இல்லை. பதிவேட்டில் சான்று இல்லை. ஆயினும் நீ என் உடன்பிறந்தான் என்று ஒருவன் சொல்ல மற்றவன் ஏற்றுக்கொண்டான். அந்த இடத்தில் இலண்டன் சபை நகைத்தது. நம் பிள்ளைகள் இரு பாடசாலைகளிலிருந்தும் வந்து ஒரே மேடையில் நின்று அதை நடிப்பார்களாயின், நாமும் நகைப்போம். அந்தச் சகோதரருக்கு எஞ்சியிருந்ததெல்லாம் ஓர் அறைதான். அது போதும் என்று அவர்கள் கண்டுகொண்டனர்.